15 வாரத்தில் திறமூலம்: கேளுங்கள், சொல்கிறேன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. திறமூல மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்த்து, திருத்தி, பகிர விடும் மென்பொருள்) ஆக்கத்தைக் கல்லூரியில் பாடமாக வைப்பது எப்படி, படிப்பது எப்படி, அதனால் சோறு கிடைக்குமா என்பவைதான் கேள்விகள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதுவே. பிரிண்டர், வட்ஸ்அப் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் ஒரு கல்லூரியில் உதவி விரிவுரையாளர். அடுத்த அரையாண்டுக்குத் திறமூல மென்பொருள் உருவாக்கம் பற்றி 15 வாரப் பாடநெறி ஒன்று திட்டமிட்டுத் தரும்படி துறைத் தலைவர் கேட்டிருக்கிறார். மாணவர் 40 பேர். வாரத்துக்கு 2 மணித்தியாலம் விரிவுரை, 2 மணித்தியாலம் செய்முறை. லினக்ஸ் வரலாறு, உரிமங்கள், கிட், கடைசியில் ஒவ்வொரு குழுவும் சொந்தமாக ஒரு மென்பொருள் செய்து கிட்ஹப்பில் போடுவது என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?
— விரிவுரையாளர், உப்புவெளி

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி தம்பி. ஆனால் பாடத்தின் உயிர் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

பிள்ளைகள் சொந்தமாக ஒன்று எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றினால், அது நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைத்த ஒப்படை, அவ்வளவுதான். நூலக முகாமைத்துவம், மருந்துக்கடைக் கணக்கு, வகுப்பு வரவுப் பதிவு என்று வருடா வருடம் அதே சாமான்கள். புள்ளி போட்ட மறுநாள் எழுதியவரே திறந்து பார்ப்பதில்லை. திறமூலத்தில் படிக்க வேண்டியது, முன்பின் தெரியாத யாரோ பல வருடமாக எழுதி வைத்திருக்கும் நிரலுக்குள் போய், அதை வாசித்து, ஒரு சின்ன இடத்தைத் திருத்தி, அவர்கள் ஏற்றுக்கொள்ளும் விதமாகக் கொடுப்பது. விருந்துக்குப் போன வீட்டில் நேரே குசினிக்குள் நுழைந்து சட்டியைத் திறக்கிறவருக்கும், வாசலில் நின்று குரல் கொடுக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை எந்தப் பரீட்சை வினாத்தாளாலும் படிப்பிக்க முடியாது.

ஆகவே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களுக்கு மாணவரை அனுப்புங்கள். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. எங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேர் குடியிருக்கும் ரொறன்ரோவில் செனெக்கா கல்லூரி மாணவர்கள் 2000களின் நடுப்பகுதியிலேயே, பயர்பொக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவின் நிரலில் இறங்கி வேலை செய்து பாடம் முடித்தார்கள்.

வரலாற்றுக்கு ஒரு விரிவுரை போதும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றுக்கான குனு திட்டத்தை அறிவித்தது, 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் லினக்ஸை வெளியே விட்டது, 1998இல் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் வந்தது, 2005இல் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட் பிறந்தது. இதற்கு மேல் போனால் பரீட்சையில் வருடங்களைக் கேட்கும் ஆசை உங்களுக்கு வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

மிச்சமாகும் நேரத்தை அனர்த்த நிவாரணத்துக்கான சஹானா என்ற மென்பொருளுக்குக் கொடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாகக் கடல் வந்தபோது கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று எங்கள் திருகோணமலை மாவட்டக் கரை என்ன பாடுபட்டதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். பலர் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை. காணாமற்போனவர் பட்டியல் ஓரிடத்தில், முகாம் விபரம் இன்னோரிடத்தில். எந்த நிறுவனம் எங்கே எதைக் கொடுக்கிறது என்று கேட்டால் கையை விரிப்பார்கள். அந்த நாட்களில் இலங்கைக் கணினிக்காரர்கள் தன்னார்வமாகக் கூடி எழுதத் தொடங்கியதுதான் சஹானா. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதைத் தாங்கி நின்றது. காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, நிறுவனப் பதிவேடு, யாருக்கு என்ன தேவை என்பதைப் பதிந்து பொருத்தும் பகுதி என்று நான்கையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பி.எச்.பி.யும் மைஎஸ்கியூஎல்லும்தான் கருவிகள், உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்தவையே.

மூலநிரலைத் திறந்து விட்டதால் அது இங்கேயே நின்றுவிடவில்லை. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் பாவித்தார்கள். 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, இந்தோனேசியாவின் யோக்யாகர்த்தா நிலநடுக்கம். 2010இல் ஹெயிட்டி. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருது 2006ஆம் ஆண்டுக்குச் சஹானாவுக்குப் போனது. இதெல்லாம் பெருமைக் கதை. எனக்கு உறைப்பது வேறொன்று. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் ட்ரினிட்டி கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரி மாணவர்கள் 2006இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் சஹானாவுக்குத் தொண்டர் முகாமைத்துவப் பகுதியை எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் கரையில் அடித்த கடலுக்காக எழுதிய மென்பொருளில் பாடம் படித்தது அமெரிக்கப் பிள்ளைகள். எங்கள் பிள்ளைகளுக்கு அதன் பெயரும் தெரியாது. உங்கள் முதல் வகுப்பில் சஹானா தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இனித் திட்டங்களைத் தெரிவது. இதை மாணவரிடம் விடாதீர்கள். விட்டால் லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), பயர்பொக்ஸ் என்று போவார்கள். 4 ஜிபி மடிக்கணினியில் பயர்பொக்ஸை பில்ட் பண்ண (மூலநிரலை ஓடும் மென்பொருளாக்க) வைத்துவிட்டு நித்திரைக்குப் போனால், விடியும்போது எரர் காத்திருக்கும். அரையாண்டு தொடங்குமுன் நீங்களே மூன்று நான்கு நடுத்தரத் திட்டங்களைப் பிடியுங்கள். கடைசிக் கமிட் (பதிந்த மாற்றம்) எப்போது நடந்தது, புதியவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்டுக்கு (தன் திருத்தத்தை ஏற்கும்படி கேட்கும் கோரிக்கைக்கு) யாராவது பதில் போடுகிறார்களா, அந்தப் பதில் மரியாதையாக இருக்கிறதா, புதியவருக்கென்று வழிகாட்டிக் கோப்பு உண்டா, உரிமக் கோப்பு உண்டா, உங்கள் ஆய்வுகூடக் கணினியில் பில்ட் ஆகிறதா என்று பாருங்கள். பழைய புல் ரிக்வெஸ்டுகளின் உரையாடல்களை ஒரு பின்னேரம் இருந்து வாசித்தாலே அந்த வீட்டு மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விளங்கிவிடும். பிறகு திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். இத்தனை மாணவர், இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை, உங்களுக்குச் சம்மதமா என்று. 40 பேரையும் ஒரே திட்டத்தில் கொண்டுபோய் இறக்குவது அட்டூழியம். அதைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் பகல் வேலை முடித்து வந்து இரவில் இருந்து பார்க்கிற ஒருவர், அல்லது இருவர்.

இன்னொன்று, நீங்கள் கோபித்தாலும் பரவாயில்லை. பாடம் தொடங்குமுன் அந்தத் திட்டங்களில் ஒன்றிலாவது உங்கள் பெயரில் ஒரு திருத்தம் உள்ளே போயிருக்க வேண்டும். ஆவணத்தில் ஒரு பந்தி என்றாலும் போதும். தானே ரிவியூ (திருத்தத்தைப் பார்த்து மற்றவர் சொல்லும் கருத்து) வாங்காத விரிவுரையாளர், ‘இதை மாற்று, இது எங்கள் பாணி இல்லை’ என்று யாரோ எழுதியதைப் பார்த்து முகம் கறுத்து நிற்கும் மாணவிக்கு என்ன சொல்வார்?

வாரக் கணக்கைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் 15 வாரம் உங்களுடையது, பராமரிப்பாளருடையது இல்லை. ஒரு சின்னத் திருத்தத்துக்குப் பதில் வர மூன்று வாரமும் ஆகும். ஆகவே எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளுங்கள். 2ஆம் வாரம் திட்டம் பிரித்துக் கொடுத்தாயிற்று, 3ஆம் வாரம் கிட் முடிந்தது, 4ஆம், 5ஆம் வாரம் பில்ட். இந்த பில்ட் கட்டத்தில்தான் பாதி வகுப்பு விழும். அவசரப்படாதீர்கள், இரண்டு வாரம் முழுதாகக் கொடுங்கள். என்ன கட்டளை அடித்தார்கள், என்ன எரர் வந்தது, எப்படித் தீர்த்தார்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எழுதட்டும். அதிலிருந்தே பலருக்கு முதல் பங்களிப்பு வந்துவிடும், ஏனென்றால் வழிகாட்டிக் கோப்பில் விடுபட்ட படிகளைப் புதியவர் கண்தான் பிடிக்கும். 6ஆம் வாரம் வழு அறிக்கை, அதாவது மென்பொருளில் கண்ட பிழையை எழுதிக் கொடுப்பது. 7இலிருந்து 9க்குள் முதல் திருத்தத்தை அனுப்பியாக வேண்டும். அதற்குப் பிறகு ரிவியூவுக்குக் காத்திருக்கும் காலத்தில் உரிமம், நம்பிக்கை, பாதுகாப்பு, இந்த மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையெல்லாம் விரிவுரையில் பாருங்கள். உரிமங்களை முதல் வாரத்தில் நடத்தினால் கொட்டாவிதான் மிஞ்சும். தங்கள் நிரல் ஒன்று போகப்போகிறது என்ற நிலையில் கேட்டால் காது கொடுப்பார்கள்.

வழு அறிக்கையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எங்கள் பிள்ளைகள் அதில்தான் மிக மோசம். ‘தமிழ் வேலை செய்யவில்லை, உடனடியாகத் திருத்தவும்’ என்று எழுதுவார்கள். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எதை அழுத்தினேன், என்ன நடக்குமென்று நினைத்தேன், என்ன நடந்தது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். ஒருவர் எழுதிய அறிக்கையை அடுத்தவரிடம் கொடுத்து, அதை மட்டும் வாசித்து அந்த வழுவைத் திரும்ப வரவழைக்கச் சொல்லுங்கள். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு செய்முறை வகுப்பு அதற்கே போகும், போகட்டும்.

மாணவர் அனுப்பிய திருத்தம் திட்டத்தில் மேர்ஜ் ஆனால்தான் (சேர்க்கப்பட்டால்தான்) புள்ளி என்று வைத்தால் கடுமையாக உழைப்பார்களே மிஸ்? எங்கள் நிறுவனத்தில் அப்படித்தான் யோசிக்கிறோம்.
— போதனாசிரியர், வவுனியா

தயவுசெய்து வேண்டாம்.

ஹக்டோபர்ஃபெஸ்ட் என்று டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒக்டோபர் தோறும் நடத்துகிறது. 2020இல் நாலு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டீ-சேர்ட். ஒரு சேர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ‘அமேசிங் புரொஜெக்ட்’ என்று இரண்டு சொல்லைச் சொருகி அனுப்பினார்கள். பராமரிப்பாளர்கள் அழாக்குறை. கடைசியில், விரும்பிய திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. சேர்ட்டுக்கே இந்தக் கூத்து என்றால் பட்டத்துக்கு?

மேர்ஜ் ஆவது மாணவர் கையில் இல்லை. பராமரிப்பாளருக்குக் காய்ச்சல் வந்தாலும் உங்கள் மாணவர் சித்தியடைய மாட்டார். அவர், ‘அங்கிள், ப்ளீஸ், 20ஆம் திகதிக்குள் மேர்ஜ் பண்ணுங்கள்’ என்று முன்பின் தெரியாத மனிதருக்கு எழுதத் தொடங்குவார். இப்படி எழுதியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அங்கிள் உட்பட.

நான் என்றால் 100 புள்ளியை இப்படிப் பிரிப்பேன்: பில்ட் குறிப்பேட்டுக்கு 25, வழு அறிக்கைக்கு 20, திருத்தத்துக்கும் அதைச் சுற்றி நடந்த உரையாடலுக்கும் 35, நேர்முகத்துக்கு 20. மேர்ஜ் ஆனதற்குத் தனிப் புள்ளி கிடையாது. நிராகரிக்கப்பட்ட திருத்தத்துக்கு முழுப் புள்ளி கிடைக்க வழி இருக்க வேண்டும். ஏன் வேண்டாமென்றார்கள் என்று மாணவர் எனக்கு விளங்கப்படுத்தினால் போதும்.

நேர்முகத்தை விட்டுவிடாதீர்கள், செயற்கை நுண்ணறிவுக் காலம் இது. இணையத்தில் தரவைப் பரிமாறும் கேர்ள் என்ற கருவியைப் பல வருடமாகப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் புனைந்த பாதுகாப்பு அறிக்கைகள் வந்து குவிந்து தன் நேரத்தைத் தின்பதாகப் பகிரங்கமாகவே நொந்துகொண்டார். மாணவர் சட்ஜிபிடியிடம் கேட்கட்டும், தடுக்கவும் முடியாது. ஆனால் அனுப்பிய ஒவ்வொரு வரியையும் உங்கள் முன் இருந்து விளக்க வேண்டும். விளக்க முடியாததை அனுப்பக் கூடாது.

பராமரிப்பாளர்களைச் சோதித்துப் பார்க்கும் எண்ணமும் யாருக்கும் வரக் கூடாது. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே பிழை வைத்த திருத்தங்களை லினக்ஸ் கேர்னலுக்கு அனுப்பி, ரிவியூ செய்கிறவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று ஆய்வு நடத்தினார்கள். 2021 ஏப்ரலில் கேர்னலின் மூத்த பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தையே தடை செய்தார். அங்கிருந்து முன்னர் வந்த 190 திருத்தங்களைத் திரும்ப எடுத்து மறுபடி பார்க்கும் வேலை வந்து சேர்ந்தது. அதில் பலது ஒன்றும் அறியாத வேறு பேர் நல்லெண்ணத்தில் அனுப்பியவை. ஒரு கல்லூரியின் பெயர் அப்படிக் கெட்டால் பின்னால் வரும் பிள்ளைகளும் சேர்ந்து சுமக்க வேண்டும்.

மிஸ், எனக்கு நிரலாக்கம் சுமார்தான். ஆங்கிலத்தில் எழுதவும் கூச்சம். எங்கள் வகுப்பில் இந்தப் பாடம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?
— மாணவி, மூதூர்

உங்களுக்குத் தெரிந்த ஒன்று அந்தப் பராமரிப்பாளர்களில் அநேகருக்குத் தெரியாது மகள். தமிழ்.

எங்கள் மாலை வகுப்பு மாணவி ஒருத்தி, சின்ன நூலகப் பட்டியல் மென்பொருள் ஒன்றைப் பாவித்துக்கொண்டிருந்தாள். தேடல் பெட்டியில் ‘திருகோணமலை’ என்று அடித்தால் புத்தகம் வராது. ‘மட்டக்களப்பு’ என்றால் வரும். ‘கொழும்பு’ என்றால் சிலது வரும், சிலது வராது. முதலில் எல்லோரும் சிரித்தோம், திருகோணமலை என்றால் இதற்கும் இளக்காரமா என்று. அவள் விடவில்லை. ‘கோ’ என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே துண்டாக வைப்பது ஒன்று. முன்னுக்கு வரும் இரட்டைக் கொம்பையும் பின்னுக்கு வரும் காலையும் தனித்தனித் துண்டாக வைப்பது மற்றது. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்று. கணினிக்கு வெவ்வேறு. கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோட் இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது, ஆனால் தேடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டியது நிரல் எழுதியவரின் பொறுப்பு. பைதனில் அதற்கென்றே ‘நோர்மலைஸ்’ என்ற கட்டளை தயாராக இருக்கிறது. அவள் அனுப்பிய திருத்தம் ஒரே வரி.

பராமரிப்பாளர் உடனே ஏற்கவில்லை. இதற்கு ஒரு டெஸ்ட் (திருத்தம் சரியா என்று தானாகச் சோதிக்கும் நிரல்) எழுதித் தாருங்கள் என்றார். அதையும் எழுதினாள், ‘திருகோணமலை’யையே மாதிரிச் சொல்லாக வைத்து. பிறகு, பழைய பதிவுகளுக்கு என்ன செய்வது என்று கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இல்லை, இருவருமாகக் கதைத்துத் தீர்த்தார்கள். அவளுடைய ஆங்கிலம் உங்களுடையதை விடப் பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன வசனம், ஒரு ஸ்கிரீன்ஷொட், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கும் பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

நிரலே வேண்டாம் என்றால் மொழிபெயர்ப்பு இருக்கிறது. வெப்லேட் போன்ற தளங்களில் பல திட்டங்களின் தமிழ்ப் பகுதி அரைகுறையாகக் கிடக்கிறது. அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மப் வரைபடத்தில் ஊர்ப்பெயர், குளத்தின் பெயர், வீதிப்பெயர் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயரைத் தனியாகப் பதிய இடம் உண்டு. வரைபடம் மென்பொருள் இல்லைதான். ஆனால் ஆதாரம் காட்டுவது, மற்றவர் எழுதியதை அழிக்குமுன் கேட்பது, மாற்றத்துக்குக் காரணம் எழுதுவது என்று அதே பண்பாடு அங்கேயும் இருக்கிறது. மூதூரைச் சுற்றி எத்தனை குளம், எத்தனை ஒழுங்கை என்று உங்களை விட யாருக்குத் தெரியும்?

பிள்ளை, என் மகன் எச்.என்.டி. ஐ.டி. படிக்கிறார். இரவு 1 மணி, 2 மணி வரை யாரோ வெளிநாட்டுக்காரருக்கு இலவசமாக நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார். ஏமாற்றி வேலை வாங்குகிறார்களோ என்று தாய் கவலைப்படுகிறா. இதில் எதிர்காலம் உண்டா?
— ஒரு தகப்பன், தம்பலகாமம்

அண்ணா, ஏமாற்று இல்லை. அவர் எழுதுவது அவர் பெயரிலேயே, யாரும் பார்க்கும்படி, அழியாமல் இருக்கிறது. வேலைக்கு எடுக்கிறவர்கள் இப்போது அதைத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

காசு இந்தத் துறையில் இருக்கிறது. திறமூலத்தையே தொழிலாகக் கொண்டு 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 இலங்கையில் பிறந்த நிறுவனம்தான். திறமூல நிறுவனமான ரெட் ஹட்டை 2019இல் ஐ.பி.எம். வாங்கியது 34 பில்லியன் டொலருக்கு. கூகிள் நிறுவனத்தின் சமர் ஒஃப் கோட் திட்டமும் 2005இல்தான் தொடங்கியது. திறமூலத் திட்டமொன்றில் சில மாதம் வேலை செய்தால் உதவித்தொகை உண்டு. முதல் பத்து வருடக் கணக்கில் அதற்கு அதிக மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகம் உலகத்திலேயே எங்கள் மொறட்டுவைதான். 2022 முதல் பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மகனை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அதே நேரம் உங்கள் மனைவியின் கவலை வீண் என்றும் சொல்ல மாட்டேன். எக்ஸ்-இசட் என்று ஒரு சுருக்கும் கருவி, உலகத்தின் லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் இருக்கும். சம்பளம் இல்லாமல் அதைப் பார்த்து வந்த ஒருவர் களைத்துப்போன நிலையில், உதவிக்கு வருவதாக ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடம் நல்ல பிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் கள்ளக் கதவு ஒன்றை உள்ளே வைத்தது. 2024 மார்ச்சில் அன்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியியலாளர், தன் கணினியில் லொகின் ஆவதற்கு அரைச் செக்கன் கூடுதலாக எடுக்கிறதே என்று நோண்டப்போய்த்தான் பிடிபட்டது. தனி மனிதனின் களைப்பில்தான் அந்த ஆள் புகுந்தார். மகன் 20 வயதில் இராப்பகலாக இதே வேலையாக இருந்தால் நாளைக்கு அவரும் களைப்பார். வேலையை விடச் சொல்லாதீர்கள், 11 மணிக்குக் கணினியை மூடச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் இருப்பவர் இரவில் அனுப்பும் கேள்விக்கு மறுநாள் காலையில் பதில் போட்டால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

கிட்ஹப்பில் இருக்கிறதெல்லாம் இலவசம்தானே, எடுத்து என் ஒப்படையில் போடலாமா?
— மாணவன், பாலையூற்று

இல்லை. உரிமக் கோப்பு இல்லாத நிரல் எழுதியவரின் சொத்து. பார்க்கலாம், எடுத்துப் போட முடியாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. எம்.ஐ.டி. உரிமம் என்றால் எழுதியவரின் பெயரையும் உரிம வாசகத்தையும் வைத்துக்கொண்டு தாராளமாக எடுக்கலாம். ஜி.பி.எல். என்றால், அதை வைத்துச் செய்ததை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உங்கள் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். எந்த உரிமம் என்றாலும் ஒப்படையில் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் அது களவு. அதற்குச் சட்டம் தேவையில்லை, உங்கள் விரிவுரையாளரே போதும்.

எங்கள் நிலையத்தில் இணையம் வரும், போகும். 25 கணினி ஒரே நேரத்தில் தரவிறக்கினால் எல்லாம் நின்றுவிடும். பிள்ளைகளும் சொந்த டேட்டாவில்தான் ஓட்டுகிறார்கள். இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது?
— ஆய்வுகூடப் பொறுப்பாளர், குச்சவெளி

இணையம் கொஞ்சமாக இருக்கும் இடத்துக்கு கிட் நன்றாகவே பொருந்தும். கமிட், கிளை பிரிப்பு, வரலாறு பார்ப்பது எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். தரவிறக்கவும் ஏற்றவும் மட்டும்தான் இணையம்.

ஒரு கணினியில் மட்டும் திட்டத்தை முழுதாக இறக்குங்கள். பிறகு ‘கிட் பண்டில்’ கட்டளையால் முழு வரலாற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, பென் டிரைவில் போட்டு மற்ற 24க்கும் கொண்டுபோங்கள். அந்தக் கோப்பிலிருந்தே குளோன் பண்ணலாம் (முழுப் பிரதி எடுக்கலாம்). ஆய்வுகூடத்துக்குள் வலைப்பின்னல் இருந்தால் ஒரு கணினியைப் பொதுக் களஞ்சியமாக வைத்து, எல்லோரும் முதலில் அதற்கு அனுப்பட்டும். நீங்கள் பார்த்துத் தேறியதை மட்டும் நாள் முடிவில் ஒரே தடவையாக வெளியே அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது கமிட்டில் மாணவரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 25 பேரின் வேலையும் ‘லேப்-பிசி-07’ பெயரில் போய்ச் சேரும்.

வீட்டில் டேட்டாவில் இறக்குகிறவர்கள் குளோன் கட்டளையோடு ‘டெப்த் 1’ சேர்த்தால் கடைசிப் பதிப்பு மட்டும் வரும். பழைய வரலாறு பிறகு தேவைப்பட்டால் உங்கள் பென் டிரைவில் இருக்கிறது. பில்ட் பண்ணத் தேவையான துணைப் பொதிகளையும் அதே டிரைவில் போட்டு வையுங்கள். அதை மறந்தால் முதல் வகுப்பிலேயே 25 பேரும் சேர்ந்து அவற்றை இறக்கத் தொடங்குவார்கள்.